பேர் தெரியாத பழைய டியூப் மைக்: எந்த ஊர்ச் சரக்கு என்று கண்டுபிடிக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். மாரியம்மன் கோயில் திருவிழா, கல்யாணம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று ஊரில் எது நடந்தாலும் ஹார்ன் கட்டப் போவேன். கடையின் பின்பக்கம் ஒரு மேசை போட்டு வால்வு ரேடியோ, பழைய ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்ப்பது ஆசைக்காக. இது ஊருக்கே தெரியும் என்பதால், யார் கையில் பழைய மைக் கிடைத்தாலும் அது என் மேசைக்கு வந்துவிடும்.

அவை வரும் வழிகள் பல. வீடமைப்புக்காக விற்கப்பட்ட தோட்டத்தின் கிளப் அலமாரியில் கிடந்திருக்கும். கலைந்துபோன இசைக்குழு ஒன்றின் பெட்டியில் இருந்திருக்கும். பழைய இரும்புக் கடையில் நிறுத்துப் போட்டிருப்பார்கள், அல்லது ஈப்போ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் மேல் விரித்திருப்பார்கள். எங்கே வாங்கினாலும் விற்கிறவர் ஒரே வசனத்தைத்தான் சொல்லியிருப்பார்: "பாராங் லாமா, ஜெர்மன் பூஞ்ஞா." மலாயில் 'பழைய சாமான், ஜெர்மன் சரக்கு' என்று பொருள்.

அந்தப் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. மைக்கின் நெற்றியில் இருக்கும் பேரையும் கடைசியாகத்தான் பார்ப்பேன். பேர்த்தகட்டை மாற்ற இரண்டு சொட்டுப் பசை போதும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும், டியூப் (ரேடியோவில் வால்வு என்கிறோமே, அதேதான்) சொருகும் சாக்கெட்டையும் திருகாணியையும் மின்சாரப் பெட்டியின் பின்பக்கத்தையும் மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. ஆகவே அடையாளத்தை அங்கேதான் தேட வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். மைக் இன்னது என்று தெரியும்வரை அதற்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். டியூப் மைக்கின் கேபிளில் 100 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும். சில மைக்குகளில் 200ஐத் தாண்டும். ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைத் தட்டினால் கைக்கும் ஆபத்து, திரும்பக் கிடைக்காத ஒரு டியூபும் போய்விடலாம்.

முதலில், இது டியூப் மைக்தானா?

கனமாக, குரோம் பூச்சோடு, பழசாக இருந்தால் எல்லாவற்றையும் டியூப் மைக் என்று சொல்லிவிடுகிறார்கள். 1939இல் வந்த ஷூர் 55ஐ எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பழைய பாடகர்கள் படத்தில் முன்னால் விலா எலும்பு மாதிரி வரி வரியாக நிற்குமே, அதுதான். அதில் டியூப் கிடையாது, அது டைனமிக் மைக். ஆர்சிஏ 44, ஆர்சிஏ 77, பிபிசி வடிவமைத்த 4038 எல்லாம் ரிப்பன் மைக்குகள். அவற்றிலும் டியூப் இல்லை.

பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காகிதக் கிளிப்பை நூலில் கட்டி மைக்கின் தலைப்பக்கம் தொங்கவிடுங்கள். கிளிப் இழுபட்டால் உள்ளே காந்தம் இருக்கிறது என்று பொருள். டைனமிக்காகவோ ரிப்பனாகவோ இருக்கும். கண்டென்சர் மைக்கின் தலையில் காந்தம் இல்லை, கிளிப் அசையாது. டியூப் மைக் என்றால் அது பெரும்பாலும் கண்டென்சர் வகைதான். வலைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளக்கும் வட்டத் தகடு தெரிந்தால் கண்டென்சர். நெளிநெளியாக மடித்த மெல்லிய அலுமினியப் பட்டை நெடுக்காகத் தெரிந்தால் ரிப்பன். ரிப்பன் என்று தெரிந்த உடனே மீட்டரைத் தூர வைத்துவிடுங்கள். ஓம் அளக்க முனையை வைக்கும்போது ஏற்படும் உதைப்பே அந்தப் பட்டையை இழுத்துக் கெடுத்துவிடக்கூடும்.

அடுத்து, கீழே உள்ள கனெக்டரில் எத்தனை பின் என்று எண்ணுங்கள். டியூபுக்குச் சூடேற்ற ஒரு மின்சாரம், வேலை செய்ய இன்னொரு மின்சாரம், ஒலி வெளியே வர இரண்டு கம்பி, தரைக்கு ஒன்று என்று வேண்டியிருப்பதால், டியூப் மைக்கில் பெரும்பாலும் ஐந்துக்கு மேல் பின் இருக்கும். 6, 7, 8 என்று பார்க்கலாம். மூன்றே பின் என்றால் அநேகமாக டியூப் இல்லை. விதிவிலக்கு உண்டு. ஆடியோ டெக்னிக்கா ஏடி3060 என்ற மைக்கில் டியூப் இருக்கிறது, ஆனால் மிக்ஸரே மைக் கேபிள் வழியாக அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்திலேயே (இதைத்தான் ஃபேன்டம் என்பார்கள்) ஓடும். அது 2000க்குப் பிறகு வந்த பொருள், பார்த்தாலே புதுசு என்று தெரியும்.

மின்சாரப் பெட்டி

டியூப் மைக்குக்கு அதன் மின்சாரப் பெட்டி பாதி உடம்பு. பெட்டியோடு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. என் அனுபவத்தில் மைக்கைவிட பெட்டிதான் அதிகம் பேசும், ஏனென்றால் பொய்ப் பேர் ஒட்டுகிறவர்கள் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.

பெட்டியின் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். குப்பைத்தொட்டியைக் குறுக்கே அடித்த சின்னம் இருந்தால், அது ஐரோப்பாவில் 2005இல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிக்கான அடையாளம். பெட்டி அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரை 1990களில் பரவியது. "மேற்கு ஜெர்மனியில் செய்தது" என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. சோவியத் யூனியன் பேர் இருந்தால் 1991 முடிவதற்குள் செய்தது. கணினிக்குப் போடுகிற மாதிரி கழற்றி மாட்டும் மூன்று முனை மின்சாரக் குழி 1970 வாக்கில் தரப்படுத்தப்பட்டது. உண்மையான 1950களின் பெட்டியில் கேபிள் நேரே உள்ளே போய்விடும், அல்லது இப்போது கடையில் கிடைக்காத ஏதோ ஒரு பழைய குழி இருக்கும்.

பிளக்கையும் பாருங்கள். நாம் பயன்படுத்தும் சதுர முனை மூன்று பின் பிளக்கில், கீழே உள்ள இரண்டு பின்களின் அடிப்பாகம் கறுப்பு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் அது 1980களுக்குப் பிந்திய பிளக். உறையே இல்லாமல் முழுதும் பித்தளையாக இருந்தால் அதற்கு முந்தியது. உருண்டைப் பின் என்றால் இன்னும் பழசு. ஆனால் பிளக்கை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், அதனால் இதைத் துணைச்சாட்சியாக மட்டும் வையுங்கள்.

மின்னழுத்தம் எவ்வளவு என்று எழுதியிருப்பது நம் ஊருக்கு முக்கியம். ஜப்பான் பெட்டி 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 110 முதல் 120 வரை. இவற்றை நம் சுவரில் அப்படியே மாட்டினால் புகைதான். பழைய ஐரோப்பியப் பெட்டி 220 என்று இருக்கும், அதை மாட்டலாம் என்று நினைப்பார்கள். வீட்டில் 240 வந்தால் உள்ளே எல்லாம் ஒன்பது சதவீதம் கூடும். 6.3 வோல்ட்டில் எரிய வேண்டிய டியூப் கம்பி 6.9 வரை போய்விடும். இன்றைக்கு எரியும், ஆனால் டியூபின் ஆயுள் குறையும்.

பெட்டியே இல்லாமல் வந்தால்? இன்னொரு மைக்கின் ஏழு பின் பெட்டியைக் கடன் வாங்கி மாட்டிவிடாதீர்கள். எக்ஸ்எல்ஆர் என்ற அந்த வட்டக் கனெக்டரில் ஏழு பின் இருப்பது வெறும் உருவ ஒற்றுமை. எந்தப் பின்னில் என்ன மின்சாரம் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றின் 120 வோல்ட் பின் இன்னொன்றின் ஒலிப் பின்னாக இருக்கலாம். மாட்டிய மறுகணம் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

உள்ளே

பெரும்பாலான மைக்குகளில் கனெக்டருக்கு மேலே ஒரு வளையம் இருக்கும், அதைக் கழற்றினால் உறை கீழே இறங்கும். துணி விரித்து, மேசை மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திறங்கள். விரலை எங்கும் வைக்காதீர்கள். கேப்சூல் (தலைக்குள் ஒலியை வாங்கும் அந்த வட்டத் தகடு) பக்கத்தில் பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் இருக்கும், நூற்றுக்கணக்கில் அல்லது ஆயிரம் மெகாஓம். நம் ஊர் ஈரக்காற்றில், அதன் மேல் படியும் விரல் எண்ணெயே போதும், பிறகு மைக் பொரிகிற சத்தம் போடும்.

முதலில் கம்பி வேலையைப் பாருங்கள். 1950களின் மைக்கில் பச்சைப் பலகை இருக்காது. சின்னப் பட்டைகளில் கம்பியை நேரே சால்டர் செய்திருப்பார்கள். பச்சை நிறப் பலகை, அதில் வெள்ளையில் ஆர்1, சி3 என்று அச்சு இருந்தால் அது பிற்காலம். அந்தப் பலகையின் ஓரத்திலேயே பலசமயம் ஆண்டும் அச்சாகியிருக்கும். கெப்பாசிட்டரில் 105 டிகிரி என்று எழுதியிருந்தால் பழைய காலத்துச் சாமான் என்று சொல்ல முடியாது. கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றில் நான்கு இலக்கம் இருந்தால் முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம் என்பது பரவலான வழக்கம்.

மைக்கை ஸ்டாண்டில் மாட்டும் மரையும் உதவும். அமெரிக்காவில் எட்டில் ஐந்து அங்குல மரை, ஐரோப்பாவில் எட்டில் மூன்று அங்குலம். இடையில் ஒரு குறுக்கு வளையம் போட்டு மாற்றியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் டியூப். கண்ணாடியின் மேல் அச்சடித்த எழுத்து விரல் பட்டாலே அழியும், அதனால் முதலில் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டியூபில் வரும் எண் செய்த கம்பெனியைக் காட்டும்: 188 என்றால் ஜெனரல் எலெக்ட்ரிக், 274 ஆர்சிஏ, 312 சில்வேனியா. பிரிட்டிஷ் கம்பெனியான முல்லார்டின் பிளாக்பர்ன் ஆலை டியூபில் கண்ணாடியின் அடியில் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு குறி இருக்கும், அதன் இரண்டாம் வரி ஆங்கில பி எழுத்தில் தொடங்கும். ஜெர்மன் கம்பெனியான டெலிஃபுங்கனின் ஒன்பது பின் டியூபை மல்லாக்கத் திருப்பினால், பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே ஒரு சாய்சதுரம் வார்க்கப்பட்டிருக்கும். ரஷ்ய டியூபில் ஆங்கில எச் போல ஓர் எழுத்தும், கதவு நிலை போல இரண்டு கால் வைத்த ஓர் எழுத்தும் வரும். சீன டியூப் என்றால் பலவற்றில் ஷுகுவாங் ஆலையின் இரண்டு சீன எழுத்து இருக்கும், பக்கத்தில் 12ஏஎக்ஸ்7பி என்று போட்டிருக்கும்.

டியூப் என்பது மாற்றக்கூடிய சாமான் என்பதை மட்டும் மறக்காதீர்கள். சீன மைக்கில் யாரோ ஆசைப்பட்டுப் பழைய டெலிஃபுங்கன் டியூபைச் சொருகியிருக்கலாம். மைக்கின் பிறப்பைச் சாக்கெட்தான் சொல்லும். ஏழு பின் சாக்கெட்டா, ஒன்பது பின்னா, அல்லது சாக்கெட்டே இல்லாமல் சுண்டுவிரல் நுனியளவு டியூபிலிருந்து கம்பிகள் வந்து நேரே சால்டர் ஆகியிருக்கிறதா? கடைசி வகை என்றால் கவனமாக இருங்கள். ஜெர்மன் ஏசி701 அந்த மாதிரிதான் இருக்கும், அது இப்போது விலை உயர்ந்த பொருள்.

கடைசியாகக் கேப்சூல். மூச்சு படாத தூரத்திலிருந்து பாருங்கள், தொடவே தொடாதீர்கள். அந்தத் தங்கப் படலம் தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசு. கம்பி எங்கே வந்து சேருகிறது என்பதுதான் கேள்வி. படலத்தின் நடுவில் சின்னத் திருகாணியில் சேர்ந்தால் அது நாய்மன் என்ற ஜெர்மன் கம்பெனியின் வழி. ஓரத்தில் சேர்ந்தால் ஆஸ்திரியக் கம்பெனியான ஏகேஜியின் சிகே12 கேப்சூல் வழி. நடுவில் சேர்ந்தும், ஓர வளையத்தில் திருகாணி எதுவும் இல்லாமல் படலத்தை ஒட்டியே வைத்திருந்தால் அது எம்7 என்ற பழைய வகையாக இருக்கலாம். சீன மைக்குகளில் அதிகம் காண்பது நாய்மன் கே67ஐப் பார்த்துச் செய்த கேப்சூல்.

மேசைக்கு வந்த ஒரு மைக்

கமுனிங் பக்கமிருந்து ஒரு தங்கச்சி ஒரு மைக்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கணவர் இசைக்குழுவில் கீபோர்ட் வாசித்தவர், இப்போது இல்லை. "அண்ணே, இது அந்தக் காலத்து ஜெர்மன் மைக்காம். வித்தா மக படிப்புக்கு ஆகும்னு சொல்றாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க."

நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு, அதில் புகழ்பெற்ற ஜெர்மன் பேர். உறை கனம், வேலைப்பாடும் குறை சொல்ல முடியாதது. தகட்டின் ஓரத்தை லென்ஸில் பார்த்தால் மஞ்சள் பாரித்த பசை வழிந்து காய்ந்திருந்தது. தகட்டை விட ஒரு விரற்கடை அகலமாக, பெயின்ட் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. முன்பு வேறொரு பேர் அங்கே ஒட்டியிருந்திருக்கிறது, அது பெரிது.

பெட்டியைத் திருப்பினேன். சிவப்புச் சுவிட்சில் 115, 230 என்று இரண்டு இடம். குறுக்கே அடித்த குப்பைத்தொட்டிச் சின்னம், அதன் பக்கத்தில் சிஇ. முன்பக்கம், எந்தத் திசை ஒலியை மைக் வாங்க வேண்டும் என்று மாற்ற ஒன்பது நிலை வைத்த குமிழ், ஒரு கோடியில் வட்டம், நடுவில் இதய வடிவம், மறு கோடியில் எட்டு. ஒன்பது நிலையைப் பெட்டியிலிருந்தே மாற்றுவது 1953இல் ஏகேஜி சி12 கொண்டுவந்த ஏற்பாடு. பிற்காலச் சீன மைக்குகள் பலவும் அதையே எடுத்துக்கொண்டன. மைக்கைத் திறந்தேன். இரண்டு எஃகுக் கம்பிகளுக்கு நடுவே பச்சைப் பலகை. ரப்பர் வளையம் மாட்டிய டியூபில் அந்த இரண்டு சீன எழுத்து. டிரான்ஸ்ஃபார்மர் மஞ்சள் டேப் சுற்றி, பேர் ஊர் எதுவும் இல்லாமல் இருந்தது. கேப்சூலில் கம்பி நடுத் திருகாணிக்கு வந்தது.

இவ்வளவும் ஒரே பக்கம் சாய்கின்றன. சீனாவில் செய்தது, 2005க்குப் பிறகு. அங்கே ஒரே ஆலை ஒரே உடம்பைச் செய்து, வாங்குகிற கம்பெனியின் பேரை ஒட்டி அனுப்புவது வழக்கம். ஏபெக்ஸ் 460, நேடி டிசிஎம் 1050 போன்றவை அப்படித் திரிந்த மைக்குகள்தான். அதனால் இந்த மாதிரி மைக்குக்கு எந்தப் பேர் என்று தேடி அலைவதைவிட, எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்வதே பிரயோசனம். குடும்பம் தெரிந்தால் டியூப் தெரியும், சர்க்யூட் தெரியும், உதிரி கிடைக்கும்.

தங்கச்சியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஜெர்மன் இல்லை, படிப்புச் செலவுக்குக் காணாது, ஆனால் வேலை செய்கிற நல்ல மைக். சாக்கெட்டைச் சுத்தம் செய்து, டியூபை மாற்றிக் கொடுத்தேன். இப்போது மகள் பாட்டுப் பதிவு செய்ய வைத்திருக்கிறாள். அந்தப் பித்தளைத் தகட்டை மட்டும் கழற்றிவிடச் சொன்னேன். பொய்ப் பேரோடு ஒரு சாமான் கைமாறும்போது, அடுத்து வாங்குகிறவர் நம் ஊரிலேயே ஒருவராகத்தான் இருப்பார். அதை என்னால் சகிக்க முடியாது.

பெரிய பேர்கள்: எதைப் பார்த்தால் நம்பலாம்

உண்மையான பழைய மைக் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. வந்தால் தெரிந்துகொள்ளச் சில அடையாளங்கள் மனசில் இருக்க வேண்டும்.

நாய்மன் யு47, 1949இல் வந்தது. அதில் விஎஃப்14 என்ற இரும்பு உறை போட்ட டெலிஃபுங்கன் டியூப், கண்ணாடி கிடையாது. நாய்மன் சோதித்துத் தேர்ந்தெடுத்த டியூப் என்றால் மேலே எம் என்ற எழுத்து இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் பிவி8. இன்னொரு விசேஷம், இதற்குத் தனியாகச் சூடேற்றும் மின்சாரம் கிடையாது. 55 வோல்ட் கம்பி கொண்ட அந்த டியூபை, ஒரே 105 வோல்ட்டிலிருந்து ரெசிஸ்டர் வழியாகக் குறைத்து, 36 வோல்ட் வாக்கில் எரியவைத்தார்கள். ஆகவே யு47 என்று சொல்லி 6.3 வோல்ட் பெட்டியோடு ஒன்றைக் கொண்டுவந்தால் உடனே சந்தேகப்படலாம். ஆனால் அவசரப்பட்டுத் தள்ளிவிடவும் கூடாது. விஎஃப்14 தயாரிப்பு நின்றபிறகு, பல யு47 மைக்குகளுக்கு நுவிஸ்டர் என்ற கைவிரல் தொப்பி அளவு உலோக டியூபை நாய்மனே மாற்றுக்குக் கொடுத்தது. விஎஃப்14 இல்லை என்பதால் மட்டும் அது போலி ஆகிவிடாது.

யு67, 1960. இஎஃப்86 டியூப், பிவி12 டிரான்ஸ்ஃபார்மர், 200 மில்லிமீட்டர் நீளம், 56 விட்டம், கீழே குறுகிக்கொண்டே வரும் உடம்பு. 1967இல் வந்த யு87ம் அதே உருவம்தான், ஆனால் அதில் டிரான்சிஸ்டர். எத்தனையோ பேர் யு87 போலியை டியூப் மைக் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். 2018இல் நாய்மன் யு67ஐ மறுபடி வெளியிட்டது, எனவே புதுசாக மின்னினாலும் உண்மையாக இருக்கலாம்.

எம்49, கேஎம்54 இரண்டிலும் ஏசி701. ஏகேஜி சி12இல் 6072. சோனி சி37ஏ, 1950களின் கடைசியில் வந்தது, 6ஏயு6 டியூப், ஏழு பின்.

டெலிஃபுங்கன் பேரில் வரும் பழைய மைக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. யு47ஐச் செய்தது நாய்மன், டெலிஃபுங்கன் விற்றது. எலா எம் 251ஐச் செய்தது ஏகேஜி. எனவே டெலிஃபுங்கன் பேட்ஜுக்குள் இந்த இரண்டு கம்பெனிகளின் கைவேலை எதுவும் தெரியவில்லை என்றால் யோசிக்க வேண்டும். இப்போது அமெரிக்காவில் அதே பேரில் ஒரு கம்பெனி புது மைக்குகள் செய்கிறது, அவையும் நல்ல பொருள்கள், ஆனால் 1950களின் விலைக்கு அவற்றை வாங்கக்கூடாது.

மீட்டரும் மின்சாரமும்

இதுவரை கண் வேலை. இனி மீட்டர். மைக்கைப் பெட்டியிலிருந்து பிரித்துவைத்து, பின்னுக்குப் பின் ஓம் அளந்து ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். உறையோடு பூஜ்யம் காட்டுவது தரை. மூன்று, நான்கு ஓம் காட்டுவது குளிர்ந்த நிலையில் உள்ள 12ஏஎக்ஸ்7 மாதிரி டியூபின் சூடேற்றும் கம்பி. இஎஃப்86 என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டு பின்களுக்கு நடுவே சில பத்து ஓம் காட்டி, உறையோடு தொடர்பில்லாமல் இருந்தால் அது ஒலி வெளியே வரும் டிரான்ஸ்ஃபார்மர். அங்கே மீட்டரை நெடுநேரம் வைத்திருக்காதீர்கள். கிலோஓம் கணக்கில் காட்டுவது உயர் மின்னழுத்தப் பின்னாக இருக்கும். மெகாஓமுக்குப் போவது திசையமைப்பை மாற்றும் பின்.

அடுத்து பெட்டி, மைக் இல்லாமல். பழைய பெட்டி என்றால் 25 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, கம்பி எரியும் பல்பே வேண்டும். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். ஒரு முறை மின்னி மங்கினால் சரி, பல்பை எடுத்துவிட்டு அளக்கலாம். ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அளப்பது எங்கள் தொழில் பழக்கம், நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

மைக் மாட்டாத பெட்டி எல்லா அளவையும் கூட்டித்தான் காட்டும். 6.3 வர வேண்டிய இடத்தில் 8 வந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பின்னில் 22 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை வைத்து அளந்தால், 12ஏஎக்ஸ்7 இழுக்கும் மின்சாரத்தை அதுவும் ஏறத்தாழ இழுக்கும். அப்போது 6க்கும் 6.6க்கும் இடையில் நிற்க வேண்டும். உயர் மின்னழுத்தப் பின்னில் 100 கிலோஓம், 1 வாட் வைத்துப் பாருங்கள். பெட்டியில் எந்தப் பின்னில் சூடேற்றும் மின்சாரம் வருகிறதோ, மைக்கில் அதே எண் பின்னில்தான் அந்த மூன்று நான்கு ஓம் இருக்க வேண்டும். இருந்தால் இரண்டும் ஒரே ஜோடி. இல்லையென்றால் யாரோ இரண்டு வேறு சாமான்களைச் சேர்த்து விற்றிருக்கிறார்கள். பெட்டியை அணைத்தபிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். 10 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டரால் தரையோடு சேர்த்து இறக்கிவிட்டு, பூஜ்யம் என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கலாம்.

எல்லாம் பொருந்தினால் மைக்கை மாட்டி, பெட்டியைப் போட்டு, கால் மணி நேரம் சூடேற விடுங்கள். மிக்ஸரில் ஃபேன்டம் அணைந்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே மைக்கைச் சுற்றி வாருங்கள், எந்தத் திசையில் குரல் குறைகிறது என்று தெரியும். உறையை விரலால் மெல்லத் தட்டும்போது மணி அடித்த மாதிரி நீண்டு ஒலித்தால் டியூப் கிழடு தட்டிவிட்டது. மழைநாளில் மட்டும் பொரிந்தால் கேப்சூல் பக்கம் ஈரம் ஏறியிருக்கிறது. சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். நான் பார்த்த பல மைக்குகள் அதிலேயே சரியாகியிருக்கின்றன.

பார்த்ததை எல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள்: டியூப் எண், பின்களின் வரிசை, அளந்த மின்னழுத்தம், தேதி. நாளைக்கு வேறு யார் கையில் போனாலும் அவர் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அடையாளம் எல்லாம் ஒன்றுகூடி, நிஜமாகவே பழைய ஜெர்மன் மைக் என்று தோன்றினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். மின்சாரம் கொடுக்க வேண்டாம், கேப்சூலைத் துடைக்க வேண்டாம், துருப்பிடித்த திருகாணியைப் புதுசாக மாற்ற வேண்டாம். ஏற்கெனவே கழன்று கிடக்கும் ரெசிஸ்டர், உடைந்த டியூப், கிழிந்த கேபிள் எதையும் குப்பையில் போடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மைக்கோடேயே கட்டி வையுங்கள். அப்புறம் இந்த வகை மைக்கை முன்பு திறந்து பழகிய ஆளிடம் கொண்டுபோங்கள்.